கைநாட்டு மேனேஜர்

1957 ஜனவரி 20, ஞாயிறு

தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர்ப் பக்கம் ஆற்றில் விழுந்து இரண்டு மாசம் ஆகிறது. எலெக்சன் வருகிறது என்று கோவில்பட்டியில் ஒரு சுவரையும் விட்டுவைக்கவில்லை. பங்குனியில் புதுக்காசு வருமாம். இந்த வருஷம் பார்த்துத்தான், அறுபத்தோரு வயசில், தேவஆசீர்வாதமாகிய நான் வேலை தேடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல மகள் நேசம்மாள் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்து டீச்சர். எனக்கு எழுத்து கிடையாது, ஞாபகம் உண்டு. முப்பது வருஷமாகத் தீக்குச்சி மருந்து கலக்குகிறேன். குளோரேட்டு எவ்வளவு, வச்சிரப் பசை எவ்வளவு, கண்ணாடித்தூள் எவ்வளவு, மழை ஈரத்துக்கு எதைக் கூட்டணும், மேகாற்று வறட்சிக்கு எதைக் குறைக்கணும், எல்லாம் தலைக்குள் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிற்சாலை என்று நேசம் எழுதினாள், அடிக்கச் சொன்னேன். இந்த ஊரில் அது தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஆபீசை மாசியில் மூடுகிறார்கள். முதலாளி செத்த முப்பதாம் நாளே பிள்ளைகள் தராசுக்கு அடித்துக்கொண்டார்கள்.

ஜனவரி 23, புதன்

வன்னியபெருமாள் வில்வண்டியில் வீட்டுக்கு வந்தார். எட்டயபுரம் ரோட்டில் கரிசல்காடு நிறைய வைத்திருக்கிற சம்சாரி. மூன்று வருஷமாகப் பருத்தி ஏமாற்றியதால் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்குகிறாராம்.

"வே ஆசீர்வாதம், உம்ம மேனேஜராப் போடுதேன். நாற்காலி, மேசை, போர்டுல பேரு."

மருந்து யார் கலக்குவது என்று கேட்டேன். அதுக்கு வேற ஆளு இருக்கான், நீரு உட்காரும் என்றார்.

முப்பது வருஷம் நின்ற காலுக்கு இந்த ஒரு சொல் போதாதா?

நேசம் காபி வைத்தாள். ஆறட்டும் என்றார். ஆறி ஆடை படிந்து ஈயும் விழுந்தது. தொடவில்லை. போகும்போது வண்டியில் தன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அந்த ஈயை நான்தான் எடுத்துப் போட்டேன்.

ஜனவரி 24

மேனேஜர். நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நேசம் சிரிக்கிறாள்.

ஜனவரி 27, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எபநேசர் பிடித்துக்கொண்டார். மிஷன் நடத்துகிற தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர், என் மகன் வயசு. அவரும் வரச் சொல்கிறார். முதலில் மருந்து மேசை, இப்போது செய்கிற அதே வேலை. ஒரு வருஷத்துக்குள் பெயர் எழுதவும் மருந்து டின்னில் ஒட்டியிருப்பதைப் படிக்கவும் பழகினால் போர்மேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் போனால் மேனேஜராம்.

"வருத்தப்படாதீங்க ஐயா, கைநாட்டை மேனேஜராப் போட எங்க ஆபீசுல வழி இல்லை" என்றார்.

கைநாட்டு! விரலால் வைக்கிற அடையாளத்துக்குப் பேரு அது என்றுதான் இருந்தேன். எனக்கே பேரு என்று இன்றைக்குத் தெரிந்தது. நல்ல மனுசன்தான், சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் இன்னும் அருவருப்பு. இந்த வயசில் சிலேட்டு. அறுபத்துநாலில் நாற்காலி. த்தூ.

'த்தூ'வை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது.

பிப்ரவரி 5, செவ்வாய்

வன்னியபெருமாள் ஆபீசைப் பார்த்து வந்தேன். சுடலைமாடனும் வந்தான். குச்சி அடுக்கிய கட்டையை மருந்தில் முக்குகிறவன், நான் தொழில் பழக்கியவன். என்னோடு வேலை பார்த்துச் செத்துப்போன கடற்கரை என்பவனின் மகன். என்னை மாமா என்பான்.

நீளக் கொட்டகை. பொம்பளைகள் நாற்பது பேர் உட்கார்ந்து கட்டை அடுக்குகிற இடம், அதை ஒட்டினாற்போல மருந்து அறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து வாசல் ஒன்று. பின்பக்கம் இன்னொரு வாசல் வேணுமே என்றேன். வாசல் ரெண்டானா சரக்கு ரெண்டு வழியாப் போகும் வே என்றார். தீப்பிடித்தால்?

"அது உமக்கு என்னத்துக்கு? நீரு மேனேஜர்லா."

வருகிற வழியெல்லாம் இதையே யோசித்தேன். வாசல் மேனேஜருக்கு எதற்கு என்றால், மேனேஜர் எதற்கு?

நாற்காலியைக் காட்டினார். வார்னிஷ் காயவில்லை. எழுந்தபோது வேட்டி ஒட்டிக்கொண்டு வந்தது, சுடலைமாடன் பிய்த்துவிட்டான். ஆனாலும் உட்கார்ந்தேன். அதையும் எழுது.

பிப்ரவரி 10, ஞாயிறு

அஞ்சாம் ஜார்ஜ் செத்த வருஷம். அப்போதைய ஆபீஸ் ஒரு ஓலைக் கொட்டகை. நாங்கள் ஏழு பேர். நான் மருந்து, கடற்கரை முக்குகிறவன், அவன் பொஞ்சாதி பெத்தம்மாள் பெட்டி ஒட்டுகிறவள். ஆறுமுகத்தாய், ஆவுடைத்தாய், சின்னக்கருப்பன், சிவனாண்டி நாலு பேரும் கட்டை அடுக்குகிறவர்கள். சர்க்காருக்குக் காட்ட மேனேஜர் என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது. குமாஸ்தா கடற்கரையிடம் கைநாட்டு வாங்கினான். கடற்கரைக்கு ஒரே சந்தோசம், ஒரு வாரம் மேல்துண்டு போட்டுக்கொண்டு வந்தான். ஆனி மாசம் தீப்பிடித்தது. ஆறுமுகத்தாயும் சின்னக்கருப்பனும் வெளியே வரவில்லை. மேனேஜர் யார் என்று போலீஸ் கேட்டது. முதலாளி காகிதத்தைக் காட்டினான். கடற்கரைக்குப் பாளையங்கோட்டையில் ஒன்றரை வருஷம். இருமலோடு வந்தான், அதோடேயே போனான்.

முதலில் உங்களைத்தானே அப்பா கேட்டிருப்பாங்க, நீங்கதானே மேஸ்திரி என்கிறாள் நேசம்.

தெரியாது என்று எழுது.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதைக் கிழிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

ஆபீசை மூடிவிட்டார்கள். சுவரில் இருந்த சாமி படத்தைக்கூட ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

முடிவு பண்ணிவிட்டேன். வன்னியபெருமாளிடம் போகிறேன். மூன்று வருஷம் சிலேட்டோடு உட்கார எனக்கு ஆயுசு யார் எழுதித் தந்தது? வாசலை, மேனேஜரான பிறகு நானே வைத்துக்கொள்கிறேன். எபநேசரிடம் ஜவாப் சொல்லவில்லை. நேசம் என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறாள். உனக்கு என்ன தெரியும்ட்டி.

மார்ச் 8, வெள்ளி

சர்க்கார் லைசென்சு வருமுன்னே வேலை தொடங்கியாகிவிட்டது. பொம்பளைகள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை சர்க்காருக்கு அனுப்புகிற மேனேஜர் காகிதத்தை விரித்து என் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினான், காகிதத்தில் வைத்தான்.

கறுப்பாக ஒரு அப்பல். கோடு ஒன்றுகூட இல்லை.

மண்ணெண்ணெயில் கழுவி மறுபடியும் வைத்தான். அதே அப்பல். நான் இடது கைக்காரன். மருந்து பதமா என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பதுதான் என் தொழில். கண்ணாடித்தூள். முப்பது வருஷம். வலது விரலை நீட்டினேன். இடது என்று அச்சிலேயே இருக்கிறது, ஆகாது என்றான்.

"என்ன வே, விரலா புளியங்கொட்டையா?" என்றார் வன்னியபெருமாள். நாற்பது பொம்பளைகளும் சிரித்தார்கள். நாற்காலி அங்கனதான் கிடந்தது.

"ரேகை இல்லாதவரை வெச்சு நான் என்ன செய்ய? உம்ம ஆளு வேற யாரும் இருக்கானா, சொல்லும்."

இந்தச் சொல்லை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். வாய் திறக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பின்னால், இங்கேயே முக்குகிற வேலைக்கு வந்திருந்த சுடலைமாடன் நின்றான். நான் வைக்கேன் முதலாளி என்று அவனே முன்னால் வந்தான். வேண்டாம்லே என்றேன்.

"ஏன் மாமா, உங்களுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கப்பிடாதா?"

வைத்தான். ஒவ்வொரு கோடும் பளிச்சென்று விழுந்தது. திங்கள் சாயங்காலம் காகிதம் திருநெல்வேலிக்குப் போகிறதாம்.

இப்போது அந்த வருஷத்தை ஒழுங்காக எழுது. குமாஸ்தா முதலில் என்னைத்தான் கூப்பிட்டான். பத்து வருஷத்திலேயே என் விரல் தேய்ந்திருந்தது, இதே அப்பல்தான் விழுந்தது. வேற ஆளு இருக்கா என்றான். எனக்கு அந்தக் காகிதம் எதற்கு என்று தெரியும். தெரிந்துதான், மை காயாத இந்த விரலை நீட்டி, கடற்கரை வைப்பான் என்று சொன்னேன். எனக்கு வராமல் போனதே என்று அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதையும் எழுது.

ஏட்டி, எழுது.

மார்ச் 9, சனி

சுடலைமாடனைத் தேடிப் போனேன். புதுச் செருப்பு வாங்கியிருந்தான். காகிதம் எதற்கு என்று சொன்னேன், ஒற்றை வாசலைச் சொன்னேன், அவன் அப்பனைச் சொன்னேன். அப்பன் ஜெயிலுக்குப் போனது தெரியும், அப்போ ஓலைக் கொட்டகை, இப்போ தகரம் என்றான். பொறாமை மாமா உங்களுக்கு என்றான். என் பங்கை மட்டும் அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

பெத்தம்மாள் சொன்னால் கேட்பான். நான் போய்ச் சும்மா பயம் காட்டினால் அவளும் மகன் பேச்சைத்தான் நம்புவாள். நடந்ததைச் சொன்னால்தான் எழுந்திருப்பாள்.

மார்ச் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

கழுகுமலை ரோட்டில் வீடு. பெத்தம்மாள் இன்னும் வீட்டில் இருந்தபடி பெட்டி ஒட்டுகிறாள். வாங்க அண்ணாச்சி என்று செம்பில் தண்ணீர் தந்தாள். குடித்தேன். சொன்னேன், விரல் நீட்டியது வரைக்கும்.

அவள் கை நிற்கவில்லை. மூன்று பெட்டி ஒட்டினாள். அப்புறம்தான் பேசினாள்.

"இருவத்தோரு வருசமா அண்ணாச்சி அண்ணாச்சின்னு ஒமக்குச் சோறு போட்டிருக்கேன் வே."

கடற்கரை செத்த அன்றைக்கு அழாத மாதிரியே இன்றைக்கும் அழவில்லை. நான் வாய் வைத்த செம்பை எடுத்துத் தெருவில் எறிந்தாள். எந்திச்சுப் போவும் என்றாள். எழுந்து வந்தேன். செம்பு சாக்கடையில் கிடந்தது. எடுத்துக் கொடுக்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

மார்ச் 11, திங்கள்

காலையில் போய்ப் பார்க்கிறேன். வன்னியபெருமாள் ஆபீஸ் வாசல்படியில் பெத்தம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரே வாசல். உட்கார்ந்திருக்கிற கிழவியைத் தாண்டிக்கொண்டு எவள் உள்ளே போவாள்? கட்டை அடுக்க வந்த அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். உள்ளே சுடலைமாடனும் கலக்குகிறவனும் மாட்டிக்கொண்டார்கள். மகன் உள்ளேயிருந்து ஆத்தா, மானத்தை வாங்காத என்கிறான். அவள் திரும்பவில்லை.

வன்னியபெருமாள் வந்தார், கத்தினார். இழுத்துப் போடச் சொன்னார். ஒருத்தரும் கை வைக்கவில்லை.

"பேப்பரைத் தாரும், எந்திக்கேன்." அவ்வளவுதான் அவள் பேச்சு.

நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் உடைமரத்தடியில் நின்றேன். கிட்டே போகவில்லை. அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். உச்சிவெயில் திரும்பியதும் உள்ளே மருந்து இறுகிக் கல்லாகிப்போன வாசனை ரோட்டுக்கே வந்தது. அதற்குப் பிறகுதான் காகிதத்தை அவள் மேல் வீசினார். மடித்து மடியில் கட்டினாள். மகனைச் சட்டையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். புதுச் செருப்பில் ஒன்று வாசலிலேயே கிடந்தது.

மார்ச் 17, ஞாயிறு

எபநேசரிடம் வாரேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் இத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 1, திங்கள்

புதுக்காசு வந்தது. நானும் மிஷன் ஆபீசில் சேர்ந்தேன். வாசல் நாலு. வந்ததும் எண்ணினேன். மத்தியானம் சிலேட்டு. 'தே' எழுத வரவில்லை. கொம்பு ஒரு பக்கம் போகிறது, எழுத்து ஒரு பக்கம் போகிறது. குச்சியைப் பிடிக்கிற இந்த விரலைப் பார்த்தாலே குமட்டுகிறது.

மே 6, திங்கள்

சுடலைமாடனையும் எபநேசர் முக்குகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார். என் மேசைக்கு எதிரே நிற்கிறான். பேசுவதில்லை. மருந்து தண்ணியாக இருந்தால் தட்டை இரண்டு தட்டுத் தட்டுவான், கெட்டி என்றால் ஒரு தட்டு. மாமா என்று கூப்பிடுவதும் இல்லை.

ஜூன் 19

இன்றைக்கு மூன்று தட்டு. அர்த்தம் தெரியவில்லை. கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வன்னியபெருமாள் ஆபீசில் பின்சுவரை இடித்து இரண்டாவது வாசல் வைத்துவிட்டார்களாம். தீக்குப் பயந்து இல்லை. இன்னொரு கிழவி வந்து உட்கார்ந்தால் வேலை நிற்கக் கூடாதாம். கயத்தாறுப் பக்கத்து ஆள் ஒருத்தன் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறான். அவனும் கைநாட்டுத்தான். பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை.

நேற்று சந்தையில் பெத்தம்மாள் எதிரே வந்தாள். ஒதுங்கி நின்றேன். கடந்து போய், நின்று, துப்பிவிட்டுப் போனாள். கூட வந்த நேசம் என் கையைப் பிடித்தாள். விடச் சொன்னேன்.

கொட்டகையில் ஏழு பேர். ஆறுமுகத்தாயும் சின்னக்கருப்பனும் தீயில். ஆவுடைத்தாய் மறு வருஷம் காலராவில். சிவனாண்டி கொழும்பில் செத்தான், கடுதாசி வந்தது. கடற்கரை இருமலில்.

அந்த ஏழு பேரில் என்னைச் சேர்க்காதே. பெத்தம்மாள் மட்டும் இருக்கிறாள்.