அக்கா வரும்போதெல்லாம் முகாம்

கந்தர்வக்கோட்டை
28.10.2023

அன்புள்ள ஷீபா,

இங்கே நலம். நீயும் உன் அம்மாவும் சனிக்கிழமைதோறும் உன்னிடம் விளையாட வரும் பிள்ளைகளும் நலமா? இங்கிருந்து கீரமங்கலத்துக்கு ஒரு பஸ் தூரம், அதற்குப் போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனை எடுத்தால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். யார், என்ன, எந்த ஊர் என்று கேட்கிறார். நீ பதில் எழுதினால் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கே எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

கல்யாணத்தன்று எழிலை நீ வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு இன்னும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. கூடப்பிறந்த தம்பி பக்கத்தில் இல்லாமல் தாலி கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வரச் சித்தப்பா மகன் அழகுமலை நின்றான். ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு சம்பந்தத்தைக் கலைத்த பாவம் நமக்கு எதுக்கு என்பதுதான் நம் ஊர் வழக்கமாயிற்றே. விசாரிக்க வந்தவர்களிடம் டீக்கடைக்காரர்கூட, "ஒரே பொண்ணுங்க, தங்கமான குடும்பம்" என்றாராம். டவுன் சிண்ட்ரோம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அந்தப் பையன் இருப்பது தெரிந்தால் இந்தப் பெண் போகாது என்பது மட்டும் தெரியும்.

இப்போது தலை தீபாவளி வருகிறது. இவர் எங்கள் வீட்டில் தங்குவார். அப்பா உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார், அதனால் நான் கேட்கிறேன். அந்த நாட்களில் எழிலை உன்னிடம் வைத்துக்கொள்வாயா? விளையாட்டு முகாம் என்று அவனிடம் சொல்லு. அவன் குதித்துக்கொண்டு வருவான். உன்னை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லையடி.

உன்
சத்யபிரியா


கீரமங்கலம்
17.11.2023

அடி சத்யா,

தீபாவளி பட்சணம் வந்தது. அதிரசம் உன் கைப்பக்குவம் இல்லை, உன் அம்மாவுடையது. அது ஒன்றுதான் நல்ல சேதி.

முகாம் நடந்த லட்சணத்தைக் கேள். தீபாவளிக்கு எந்த வீட்டில் பிள்ளையை அனுப்புவார்கள்? எழில் மட்டும்தான் வந்தான். வந்ததும் மைதானத்தில் பந்துகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றான். "எல்லாரும் எங்கக்கா?" என்றான். பஸ் ஓடலை என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவன் பஸ்ஸைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்புறம் நானும், முட்டிவலிக்காரி என் அம்மாவும், அவனும் பந்து உருட்டினோம். அம்மாவை ஜெயிக்க வைக்க அவன் வேண்டுமென்றே தன் பந்தைத் தள்ளி விட்டான். மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் குளித்தான். நீ அவனைச் சனிக்கிழமையில் வந்து பார்த்ததே இல்லை. பழைய சேலையை எல்லோரும் சுற்றி நின்று பிடித்து, நடுவில் பந்தைப் போட்டுத் தூக்கி எறிவோம். யார் கை தளர்கிறது என்று பார்த்து அவன்தான் அங்கிட்டு ஓடிப்போய்ப் பிடிப்பான். பாட்டுப் போட்டால் சக்கர நாற்காலிப் பிள்ளைகளை முதலில் ஆட வைத்துவிட்டுத்தான் இவன் ஆடுவான். அவன் இல்லாத சனிக்கிழமை எனக்கு இழுபறிதான்.

நான் நடத்துவது விளையாட்டு, சத்யா. ஒளித்து வைக்கும் இடம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, நீ கேட்டதும் தலையாட்டினேனே, அதை என்ன சொல்ல. உன் மாப்பிள்ளை பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். எப்போது சொல்லப் போகிறாய்?

ஷீபா


கந்தர்வக்கோட்டை
10.8.2024

அன்புள்ள ஷீபா,

உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இது ஆறாவது மாதம். வாந்தி நின்றுவிட்டது. புளியோதரை என்றால் உயிர்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. முதல் ஸ்கேனுக்குத் தஞ்சாவூர் போயிருந்தோம். அங்கே டாக்டரம்மா, "உங்க குடும்பத்துல யாருக்காவது பொறவியிலயே ஏதும் குறை இருக்காம்மா?" என்று கேட்டார். அத்தை என் தோளைத் தொட்டபடி நின்றார். நான் "இல்லைங்க" என்றேன். நாக்கு கூசாமல் வந்தது, ஷீபா. டாக்டர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது சந்தோஷப்பட்டேனே, அப்போது எழில் முகம் வந்து நின்றது. அவனைப் போல் இல்லை என்றுதானே சந்தோஷப்பட்டேன். நான் எல்லாம் ஒரு அக்காவா?

இவரிடம் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு விஷயம். இப்போது சொன்னால் இரண்டு விஷயம் ஆகிவிடும், அவன் இருப்பதும், நான் மறைத்ததும்.

ஆவணியில் வளைகாப்பு. அத்தை வீட்டுச் சனம் ஒரு வேன் நிறைய எங்கள் வீட்டுக்கு வருகிறது. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் செய்ததைப் போல இந்த ஒரு தடவையும் முகாம் வைத்துவிடு. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன்
சத்யா


கீரமங்கலம்
19.10.2024

சத்யா,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை உட்கார்ந்துகொண்டு படி.

வளைகாப்பு முடிந்த சனிக்கிழமையிலிருந்து எழில் விளையாட வரவில்லை. எங்கள் வேன் போய் வாசலில் நின்றால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறானாம். காய்ச்சலோ என்று நேரில் போனேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தான். "ஏன்டா வரல, ஒன்னய எல்லாரும் தேடுறாங்க" என்றேன். "முகாமுக்குப் போனா அக்கா வரும். நான் இல்லாதப்போ வரும். போயிரும்" என்றான்.

அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒவ்வொரு தடவையும் அவன் வீடு திரும்பும்போது உன் ஸ்டிக்கர் பொட்டு கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. இந்தத் தடவை முற்றத்தில் உடைந்த கண்ணாடி வளையல் கிடந்திருக்கிறது. அதைப் பொறுக்கிப் பையில் வைத்திருக்கிறான். பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், நீயும் நானும் உன் அப்பா அம்மாவும். உட்கார்ந்து யோசித்து அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். விளையாட்டை விட்டால் அக்காவைப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான்.

அவனுக்கென்று வாரத்தில் இருந்தது அந்த ஒரு நாள். அதை உனக்காக நான்தான் கெடுத்தேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். இனி உனக்காக என்னிடம் முகாம் கிடையாது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவாய் அல்லவா? அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் இருக்கும்போதே உள்ளே போ.

ஷீபா


கந்தர்வக்கோட்டை
16.6.2025

அன்புள்ள ஷீபா,

எட்டு மாதம் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. கார்த்திகையில் பெண் பிறந்தாள். பெயர் அன்புமொழி. இன்றுதான் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி நான் செய்யவில்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம் என்று காரணம் சொல்லி அம்மாவை இங்கே வரவழைத்துக்கொண்டேன். "இதென்னடி புது வழக்கம், பெத்தவங்களுக்கு அவ்வளவு பாரமாப் போயிட்டியா" என்று அக்கம்பக்கம் கேட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெந்நீர் போட்டார். அவன் அங்கே நிற்கிறான் என்று தெரிந்தேதான் நான் போகவில்லை. குழந்தை வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு சிரிக்கும்போது, இவளுக்கு ஒரு மாமன் இருக்கிறான், அவன் இன்னும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஆவணியில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். "அழகுமலையையே உக்கார வச்சிருவோம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவனும் பட்டு வேட்டி எடுத்துவிட்டான். மடிக்கு உரியவன் வீட்டில் இருக்கும்போது இன்னொருவன் மடியில் என் பிள்ளை. எல்லோரும் புறப்பட்டுக் கோயிலுக்கு வந்துவிட்டால் எழிலை யாரிடம் விடுவது? கேட்கக் கூடாது என்று தெரியும். இது ஒன்றுதான் கடைசி.

சத்யா


கீரமங்கலம்
21.6.2025

சத்யா,

முடியாது.

குழந்தைக்கு என் முத்தம். நீ கேட்டதற்கு முடியாது. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, நானும் கூட நின்றவள்தானே. ஆனால் அவனைத் திரும்ப விளையாட அழைத்து வர மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை பொய் சொன்னால் பிறகு அவன் முகத்தில் எப்படி முழிப்பேன்.

மடி அவனுடையது. உன் வீட்டுக்காரரிடம் சொல்லு. தம்பியைப் போய் நீயே கூட்டிக்கொண்டு போ.

ஷீபா


கந்தர்வக்கோட்டை
1.9.2025

அன்புள்ள ஷீபா,

காதுகுத்தன்று எழிலை உன்னிடம் கொண்டுவந்து விட்டது இவர்தான். ஒன்றும் பேசாமல் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

காதுகுத்துக்கு முந்தின வாரம் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பெயர் எழிலரசன், இப்படி இருப்பான் என்று. இவர் தட்டை நகர்த்தி வைத்தார். அப்புறம் சொன்னார், "தெரியும். தலை தீபாவளி அன்னைக்கே ஒங்க வீட்டுக் கொடியில ஒரு பயலோட சட்டை காஞ்சுச்சு. ஒங்க அப்பா அளவு இல்ல. கடைத்தெருவுல கேட்டேன். மூணு பேரு மழுப்புனாங்க, நாலாவது ஆளு சொல்லிட்டாரு." ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ சொல்லாத வரைக்கும் எனக்கும் அது வசதியா இருந்துச்சு" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும்.

காதுகுத்தன்று காலையில் காரை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு நாங்கள் இரண்டு பேருமே எழிலைக் கூட்டிவரப் போனோம். அவனுக்குப் புதுச் சட்டை வேட்டி எடுத்திருந்தேன். கேட்டில் நின்றிருந்தான். மெலிந்திருக்கிறான். என்னைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், ஒரு விரலால் அவள் பாதத்தைத் தொட்டான். வீட்டுக்குள் போனான். சட்டை மாற்றப் போகிறான் போல என்று நினைத்தேன்.

முகாம் பையோடு வெளியே வந்தான். துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்திருந்தான். "எங்கடா?" என்றேன். "முகாம்" என்றான். இன்றைக்கு முகாம் இல்லையடா, நீ என்னோடு வா என்றேன். "நான் போறேன். நீ இரு" என்றான். அம்மாவிடம் திரும்பி, "அக்காவுக்குச் சோறு போடு" என்றான். கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டான். "நான் இருந்தா நீ வரமாட்ட. பாத்தேன்" என்றான்.

கோபமே இல்லை, ஷீபா. பஸ்ஸுக்கு வழி சொல்கிறவன் மாதிரி சொன்னான். ஒரு வருஷம் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பார்த்திருக்கிறான், நான் வரவில்லை. அவன் இருந்ததால்தான் வரவில்லை என்று கணக்கு முடித்துவிட்டான். அவன் கணக்கில் என்ன தப்பு? குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். திரும்பி நின்று, "வீட்டுக்குப் போ, போயிராத" என்று கையைக் காட்டினான். நான் ஓர் அடி வைத்ததும் அவன் ஓட ஆரம்பித்தான். மெயின் ரோட்டில் பஸ் வருகிற நேரம். நான் நின்றுவிட்டேன். அப்புறம்தான் இவர் என் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு போய், முகாமுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். அவனும் பையோடு ஏறிக்கொண்டானாம். என் புருஷனும் என் தம்பியும் முதன்முதலாகச் சேர்ந்து போனது அப்படித்தான்.

காது குத்தவில்லை. கோயிலில் எல்லோரும் காத்திருந்தார்கள், அழகுமலை பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டான். அவள் மாமன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி எழுப்பிவிட்டேன். சபையில் நான் அதைச் சொன்னதும் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிள்ளை காது மூளியாகவே இருக்கிறது. இருக்கட்டும்.

அன்றிலிருந்து அவன் உன்னிடம் விளையாட வருகிறான் என்று அம்மா சொன்னார். அதற்காகச் சந்தோஷப்படக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத்தானே வருகிறான்.

இந்தச் சனிக்கிழமை அங்கே வருகிறேன். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். மைதானத்து ஓரத்தில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்துகொள்கிறேன். அவன் எழுந்து போனால் நீ தடுக்காதே, அடுத்த சனிக்கிழமையும் வருவேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் வருவேன். நான் வருவதை மட்டும் அவனிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதே, ஷீபா. சொன்னால் எனக்கு இடம் விட்டுவிட்டு அவன் வீட்டிலேயே இருந்துவிடுவான்.

உன்
சத்யா