தரங்கம்பாடியில் இரண்டு விடியல்கள்

பொன்மலை,
2.1.2026

அன்புள்ள சம்பந்தி ரெங்கராஜ் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதினால் ஊரே பதில் சொல்கிறது. போனில் பேசினால், நான் நினைத்ததைச் சொல்வதற்குள் நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். அதற்கு முன் என் மகள் யாழினியும் மாப்பிள்ளை சித்தார்த்தும் தரங்கம்பாடி கடற்கரையில் சூரிய உதயத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போவதாகக் குழுவில் பார்த்தேன். விடியும்போது அங்கே நிற்க வேண்டுமானால் நடுராத்திரியில் கிளம்ப வேண்டும். கொள்ளிடக் கரையிலும் சூரியன் உதிக்கத்தான் செய்கிறது. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இது யோசனை மட்டுமே. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பெரியவர்கள் யாராவது கூடப் போவது நல்லதென்று யாழினி அம்மா சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று தோன்றுகிறது.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பொ. தர்மராஜ்


ஸ்ரீரங்கம்,
5.1.2026

சம்பந்திக்கு,

பொன்மலைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு பஸ் தூரம். இதற்குப் போய்த் தபால். "கோர்ட் நோட்டீஸா சார்?" என்று போஸ்ட்மேன் கேட்டுவிட்டுப் போகிறார். நீங்கள் எழுதிவிட்டீர்களே என்று நானும் பேனாவைத் தேடி எடுத்தேன்.

கொள்ளிடத்தில் எடுத்தால் மணலும் எருமையும்தான் படத்தில் விழும். சித்தார்த்துக்குக் கடல்தான் வேண்டுமாம். ஒரே பையன், கேட்டதை இல்லையென்று சொல்லி வளர்க்கவில்லை. நீங்களும் நானும் கூடப் போவோம். போட்டோகிராபர் ஸ்டீபன்ராஜ், சூரிய வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிட வட்டமாக ஒரு வெள்ளித் துணி வைத்திருக்கிறார். அதைப் பிடிக்க ஆள் இல்லையாம். நீங்கள் ஆடாமல் நிற்கிற மனுஷர். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ரெங்கராஜ்


பொன்மலை,
12.1.2026

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேற்றுப் போய்வந்த அலுப்பு உங்களுக்கும் இருக்கும். மேகமூட்டம் என்று வானிலைச் செய்தியில் முன்பே சொல்லியிருந்தார்கள். அதைக் குழுவில் போட்டேன். யாரோ அதற்குக் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். சூரியன் தெரியவில்லை. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆனால் "உன் மேக்கப்பாலதான் லேட்டு" என்று மாப்பிள்ளை யாழினியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நாங்கள் இறங்கும்போதே வானம் மூடித்தான் இருந்தது. திரும்பும் வழியில் மயிலாடுதுறையில் டீக்கு நிறுத்தியபோது, "வேன்லயே இரு, உன்ன யாரு எறங்கச் சொன்னா?" என்றார். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள், கேட்டிருக்காது. தூக்கமில்லாத எரிச்சலாக இருக்கலாம். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் படுகிறது.

இரண்டாவது முறை வேண்டாமே. சூரியனைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஸ்டீபன்ராஜே சொன்னார். எழுதியதில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பொ. தர்மராஜ்


ஸ்ரீரங்கம்,
26.1.2026

சம்பந்திக்கு,

நேராகவே கேட்கிறேன். நேற்றுத் தரங்கம்பாடியில் உங்களுக்கு என்ன வந்தது? துளி மேகம் இல்லை. சூரியன் செம்புத் தட்டு மாதிரி கடலை விட்டு எழும்புகிறது. "அங்கிள், அப்படியே புடிங்க" என்று ஸ்டீபன்ராஜ் கத்துகிறார். அந்த நேரம் பார்த்து வெள்ளித் துணியை மணலில் வைத்துவிட்டு, பேன்ட்டும் செருப்புமாகத் தண்ணீருக்குள் இறங்கி, "வாம்மா, போலாம்" என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். படத்தில் என் மகன் மட்டும் இருட்டாக நிற்கிறான்.

பையன் சத்தம் போட்டான், இல்லையென்று சொல்லவில்லை. ஒவ்வொரு அலைக்கும் அவள் நகர்ந்துகொண்டே இருந்தால்? கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நான் போடாத சத்தமா?

வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். வேனில் ஏறும் முன் சித்தார்த்திடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடுங்கள். உங்களுக்கு அது பெரிய விஷயமா என்ன? எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற ஆள்தானே.

ரெங்கராஜ்


பொன்மலை,
28.1.2026

ரெங்கராஜ் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

வெள்ளித் துணியைப் பிடிப்பவன் வேறெங்கும் பார்க்கக் கூடாது, யார் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமோ அந்த முகத்தையே பார்க்க வேண்டும் என்று ஸ்டீபன்ராஜ் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே செய்தேன். உங்கள் மகன் இழுத்தபோது, அடி விழப்போவதுபோல யாழினி கண்ணை மூடிக்கொண்டாள். "சிரி" என்றார் சித்தார்த். சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேல் கொஞ்ச நேரம் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

பஸ்ஸில் கும்பகோணத்தில்தான் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பிறகு, "ஏம்ப்பா கீழ வெச்சுட்டீங்க?" என்று கேட்டாள். "கை வலிச்சுதும்மா" என்றேன்.

"எனக்குந்தாம்ப்பா" என்று மணிக்கட்டைக் காட்டினாள். விரல்கள் பதிந்திருந்தன.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நேற்றுச் சொன்னாள். பத்திரிகை வைத்த வீடுகளில் என்ன சொல்வது, மண்டபத்தில் என்ன சொல்வது என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே, சரியம்மா என்று சொல்லிவிட்டேன்.

நிச்சயத்துக்கு நீங்கள் வைத்த புடவையையும் மோதிரத்தையும் சனிக்கிழமை காலை நேரில் கொண்டுவந்து தருகிறேன். சித்தார்த் வீட்டில் இருந்தால் நல்லது. காரணத்தை அவர் என் வாயால் கேட்கட்டும்.

யாழினியும் வருகிறேன் என்றாள். வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். "நீங்க பேசுவீங்களாப்பா?" என்று கேட்டாள். பேசுவேன் என்றேன். இருந்தாலும் இருவருமாகவே வருகிறோம்.

பொ. தர்மராஜ்