அட்டையில் இல்லாத ஓடை

மார்ச் 4, செவ்வாய்

சூளை இன்றும் காலை வாரிவிட்டது. ஓடையில் அள்ளிவந்த காவிச் சகதியைக் காயவைத்து, சலித்து, உள்ளே வைத்தால் மஞ்சள் சிவப்பாக மாறவேண்டும். சூடு கூடிப்போய் ஈரல் நிறத்தில் வந்து நிற்கிறது. மூன்று வாளி வீண். கொட்டப் போனவள், ஆத்திரத்தில் அதையே எண்ணெய் விட்டு அரைத்தேன். நான் வரைகிற படத்தில் டார்லீன் அக்காவின் சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் கிடைக்காது!

மார்ச் 9

அக்கா கடைசியாக ஒருமுறை வந்து உட்கார்ந்தாள். என் படம் கடைசி இராப்போஜனம், அதில் இயேசு இருக்கும் இடம் அவளுக்கு. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். சுற்றிலும் எங்கள் தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர். மேஜையில் சோள ரொட்டி, பீன்ஸ். திராட்சை ரசத்துக்குப் பதில் அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ஆரஞ்சு நிறத்தில்.

"எனக்கு எதுக்குடி இந்த இடம்? சர்ச்சுக்கே நான் ஒழுங்கா போறதில்ல."

"ஆடாம உக்காருக்கா."

"படத்துப் பக்கத்துல அட்டை வைப்பாங்கல்ல, அதுல எழுதுவியா? இந்தச் செவப்பு சுரங்கத்துல இருந்து நம்ம ஓடைக்கு வந்ததுன்னு?"

"எழுதாம விடுவேனா?"

"அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். இல்லன்னா என் மூஞ்சிய எவன் பாக்கணும்?"

மார்ச் 28

படத்தைப் பெரிய ஊர் அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். சந்தோஷம்தான், எழுத வரவில்லை.

ஏப்ரல் 15

கண்காட்சிப் பொறுப்பாளர் ப்ரென்ட் அட்டையின் வரைவை அனுப்பியிருக்கிறான். 'இயற்கை இரும்பு நிறமிகள், எண்ணெய், துணி.'

இயற்கையாம்! மலையைக் குடைந்துவிட்டு, குழியை மூடாமல் ஓடிப்போனவன் பெயர் இயற்கையா? போனில் கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க கோரா. ஒஹாயோவுல எத்தனையோ ஓடை செவந்துதான் கெடக்கு. கண்காட்சிக்குச் செலவு பண்றதே அந்தச் சுரங்கக் கம்பெனிதான், கொஞ்சம் யோசிங்க."

"அந்த இயற்கைய நீங்க ஒரு டம்ளர் குடிங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

பேனாவைக் குத்திக் குத்தி எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, கோணட்டும்.

ஏப்ரல் 17

அட்டைக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் படம் கிடங்கிலேயே கிடக்குமாம். கிடக்கட்டும்!

ஏப்ரல் 18

கிடக்கட்டும் என்று எழுதியவள் யார்? இருபது வருடமாகத் தீயணைப்பு நிலையக் கூடத்திலும் நூலக வராந்தாவிலும் படம் மாட்டியவள்தானே? இன்னொரு முறை இப்படி ஒரு சுவர் எனக்கு யார் தரப்போகிறார்கள்? வயது ஐம்பத்து மூன்று.

ஏப்ரல் 22

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். படமே பேசும், அட்டையை யார் படிக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூ.

அக்காவிடம் சொல்லவில்லை.

மே 3

திறப்பு விழா. நல்ல கூட்டம். வாசலிலேயே சுரங்கக் கம்பெனிக்கு நன்றி சொல்லும் பலகை. டார்லீன் அக்கா நேராக அட்டைக்குத்தான் போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இத அவங்க எழுதினாங்களா?"

"ஆமாக்கா."

"நீ ஒத்துக்கிட்டியா?"

தலையாட்டினேன். படத்தில் இருந்த தன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அக்கா போய்விட்டாள். ப்ரென்டைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவனைத் திட்டுவது சுலபம். பேனா என் கையில்தானே இருந்தது?

மே 5

அக்கா போனில் ஒரே வரி சொன்னாள். "என் மூஞ்சிய அழிச்சிடு."

ப்ரென்டிடம் கெஞ்சினேன். ஆமாம், நான், கெஞ்சினேன். படம் இப்போது அவர்களுடையது, ஒரு புள்ளிகூட வைக்க விடமாட்டானாம்.

மே 8

நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அக்கா என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"அழிக்க விடமாட்டேங்கறாங்கக்கா."

அக்கா கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்ப நான் அங்கயே உக்காந்திருக்கணும். அந்தக் கம்பெனிக்காரனுங்க செலவுல, அவனுங்க மேஜையில."

கதவைச் சாத்தவில்லை. நான் போவதற்காகக் காத்து நின்றாள்.