சபைப் புத்தகத்தில் இல்லாத பெயர்

யட்டியாந்தோட்டை,
2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

இன்று எனக்கு எழுபத்தாறு வயதும் மூன்று மாதமும் ஐந்து நாளும் ஆகின்றன. கர்த்தருடைய கிருபையாலும் கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்கில் தரும் மாத்திரைகளாலும் நலமாக இருக்கிறேன். இரண்டில் எது அதிகம் வேலை செய்கிறது என்று ஆராய்வதில்லை. உன் மகள் ஷாலினியும் நலம். கடல் நடுவே அந்த சைப்ரஸ் தீவில் நீயும் நலமாக இருக்க வேண்டுமென்று நாள்தோறும் கேட்டுக்கொள்கிறேன், உன்னிடமல்ல, கேட்க வேண்டியவரிடம்.

இங்கே ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டன. இன்னும் சில வாரங்களுக்குப் பாதை வளைவில் பஸ் நிற்பதும் ஆட்கள் இறங்குவதும் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். நான் பார்ப்பதில்லை. தெரிகிறது, அவ்வளவுதான். ஷாலினி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், பொருளியல் தாள் கஷ்டமாம், உன் மூளை. தலைமயிரும் உன்னுடையதுதான், சீப்பை உடைக்கிறது. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்த அந்த ஆண்டில் அப்பா உனக்குத் தலைவாரக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால், "தாத்தா ரப்பர் பால் வெட்டுற கையால சடை பின்னுனாங்களா" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிக்கிறாள். அவளுடைய அப்பா சுரேந்திரன் மாதம் ஒருமுறை கேகாலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார், உன்னைப் பற்றிப் பேசுவதில்லை, பேசாமலிருக்க மிகவும் பாடுபடுகிறார் என்பது மட்டும் விளங்குகிறது. ஒரு விஷயம்தான் எனக்குக் கவலை. மூன்று ஆண்டுகளாக ஷாலினி திடப்படுத்தலைத் தள்ளிப்போட்டு வருகிறாள். ஆயர் வருகிறார், மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு போய் முழந்தாளிடுகிறார்கள், இவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். காரணம் கேட்டால், "அம்மா வராம நான் போயி நிக்க மாட்டேன் அம்மாயி" என்கிறாள். இந்த ஆண்டு ஆயர் குருத்தோலை ஞாயிறன்று வருகிறார்.

வியாழக்கிழமை பஜாருக்குப் போனபோது ரிஸ்லா என்னைத் தன் போட்டோக்கொப்பிக் கடைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, நீ அவளுக்கு அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத் தோழியிடம் நம்பிச் சொன்னதை அவள் என்னிடம் காட்டியது சரியா என்று நீ சண்டை பிடிக்க வேண்டாம். "டீச்சர், இத நான் மட்டும் வச்சிருந்தா அல்லாஹ் என்னத்தான் கேப்பான்" என்று அழுதது அவள்தான், நானல்ல. யாரை நம்பி நீ போனாயோ அந்த மனிதன் உன்னை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். "எனக்கு மன்னிப்பே கிடையாது ரிஸ்லா, அம்மா தப்பே செய்யாதவங்க, அவங்க முன்னால எந்த முகத்தோட நிப்பேன்" என்று சொல்லியிருந்தாய். மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். பத்து ஆண்டுகளாக உன் குரல் இந்த வீட்டில் இல்லை. உனக்குத் தடிமன் போலிருந்தது, மூக்கடைத்த குரல்.

மழுப்பாமல் எழுதுகிறேன். நீ செய்தது தவறு. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையை விட்டுவிட்டுப் போனது தவறு, அதை நான் சாணம் போட்டு மெழுகப் போவதில்லை. சுரேந்திரன் மன்னிப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது, அது அவருடைய உரிமை, அவருக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கடவுள் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நீயாகவே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறாயே, அதற்குப் பெயர் தாழ்மையல்ல, ஆணவம். அவருடைய பொறுமையைத் தோற்கடிக்கும் அளவுக்கு உன் பாவம் என்ன அவ்வளவு பெரியதா? மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கும் நம் புதிய போதகர், ரப்பர் மரம் தன்னை வெட்டுபவனைத் தினமும் மன்னிக்கிறது என்று போன வாரம் பிரசங்கித்தார். பால் வெட்டும் பிரேமலதா வாசலில் வைத்து, "ஐயா ஒருநா விடியக்காலம் மலைக்கு வரட்டும், மரம் மன்னிக்குதா, கடிக்கிற நுளம்பு மன்னிக்குதான்னு பாக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன். மரத்துக்கு மன்னிக்கத் தெரியாது. ஆனால் வெட்டிய இடத்தில் பட்டை மறுபடி வளர்கிறது, வடு தெரியத்தான் செய்கிறது, அந்த வடுவிலேயே மறுபடி பால் வருகிறது. தன்னை விட்டுப் போன மனைவியைத் தேடிப்போய் அழைத்து வந்த ஒரு தீர்க்கதரிசி வேதத்தில் உண்டு. அதைப் போதகர்மார் பிரசங்கிப்பதே இல்லை, வெட்கம் போலும். கடவுள் தம்மை அந்த மனிதனோடு ஒப்பிட்டுக்கொள்ள வெட்கப்படவில்லை.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் தட்டில் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்களே, தூரத்தில் இருப்பவர்களுக்கு வீட்டார் எடுப்பார்களே, அது இன்னும் நடக்கிறது. இம்முறையும் எனக்கும் ஷாலினிக்கும் உனக்குமாக மூன்று எடுத்தேன். சபைச் செயலாளர் கிருஷ்ணகுமார், உன்னோடு படித்த அதே மூக்கொழுகிதான், தட்டைப் பின்னுக்கு இழுத்து, "டீச்சர், கலைச்செல்வி பேரத்தான் சபைப் புத்தகத்திலருந்து எடுத்தாச்சுங்களே" என்றான். "சபைப் புத்தகத்தில இல்லாட்டி இருந்துட்டுப் போகட்டும், என் வீட்டுல இருக்கு" என்றேன். தட்டு முன்னுக்கு வந்தது. நீ போன பிறகு முதல் மூன்று ஆண்டும் உனக்காக அப்பா எடுத்தார், அவரை அடக்கம் செய்த பிறகு நான் எடுக்கிறேன். பத்து அட்டைகள் அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கின்றன. என்னென்ன வசனம் என்று எழுதமாட்டேன், தபாலிலும் அனுப்பமாட்டேன். வந்து எடுத்துக்கொள். அடியில் பழுத்துப்போன பதினோராவது அட்டை ஒன்று இருக்கும், அதைப் பற்றி மட்டும் கேட்காதே.

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, முக்கியமாக வரவை. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் பதின்மூன்று. மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
எஸ்தர் கன்னையா.

மறுபக்கம்: மடித்த கடிதத்தைத் திரும்ப விரித்திருக்கிறேன். கிருஷ்ணகுமாரிடம் நான் சொன்ன வாக்கியம் என்னுடையதல்ல. 1979 புத்தாண்டன்று, அதே தட்டின் முன் நின்று, அப்போதைய உபதேசியாரிடம் உன் அப்பா சொன்னது, உபதேசியாரே பிறகு எனக்குச் சொன்னார். புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது என் பெயர். நான் எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை, மகளே. பேராதனையில் என்னோடு படித்த ஒருவருடன் கொழும்பில் வாழ்ந்தேன். அவர் பெயர் உனக்கு வேண்டாம். அவர் பெரிதாக ஒன்றுமில்லை என்று கண்டுபிடிக்கப் பட்டதாரியான எனக்கு ஏழு மாதம் பிடித்தது. உனக்கு அப்போது இரண்டு வயது. பெப்ரவரியில், இதேபோல் மரங்கள் மொட்டையாக நின்றபோது, அந்த வளைவில் இறங்கினேன். அப்பா அடுப்படியில் இருந்தார். "உள்ள வா புள்ள, ரொட்டி கருகுது" என்றார். மறுநாள் காலை ஓர் அட்டையை என் கையில் தந்தார். சாகும்வரை அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அடியில் இருப்பது அதுதான். வந்து திருப்பிப் பார். பின்பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்தில், "எஸ்தர் வந்ததும் குடுக்கணும்" என்று இருக்கும். உன்னுடைய பத்திலும் அதையேதான் எழுதி வைத்திருக்கிறோம், பெயர் மட்டும் வேறு.