உன் பதாகைக்குக் கீழே நான் வைத்த தாள்

இன்று பூசை முடிந்து கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடம் கிராம்புத் தைல வாசம் அடித்தது. பல்லுக்கு வைத்திருப்பாள் போல. உனக்கும் அதே தொல்லைதான். பல் வைத்தியரிடம் போ, போ என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். பஞ்சும் தைலமுமாகவே காலத்தை ஓட்டினாய். என்னை அறியாமல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவள் பயந்துபோய்க் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

இப்போது சொல்ல ஆளில்லை. இங்கே எனக்கு ஞாயிறு மத்தியானம் என்றால் கனடாவில் மகனுக்கு நடுச்சாமம். இந்த அடுக்குமாடியில் நான் கதைப்பது பெரும்பாலும் பிரஷர் குக்கரோடுதான். நீ கண்மூடி இரண்டு வருஷம். அதற்கு முன்பே சிநேகிதிகள் நாம் இருவரும் கதைப்பதை நிறுத்திவிட்டோம். அது என்னால் நடந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தப் போகிறார்கள் என்று கதை அடிபட்ட காலத்தில்தானே கோயில் முற்றத்தில் மேசை போட்டோம்? வேண்டாம் என்று மனு எழுதி, பூசை முடிந்து வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். எழுதத் தெரியாதவர்களின் பெருவிரலை மையில் ஒற்றிப் பிறகு துணியால் துடைத்துவிடுவது உன் வேலை. தலைக்கு மேலே நீ தைத்த வெள்ளைத் துணிப் பதாகை. நீல நூலில் 'உயிர் இறைவனுடையது' என்று இரண்டே சொல். அதைத் தைக்க ஒரு மாதம் எடுத்தாய். எழுதி ஒட்டினால் ஒரு மணி நேர வேலை, இதென்ன கூத்து என்று நான் நக்கலடித்தேன்.

ஏன் தைத்தாய் என்பது காலிமுகத்திடலில் விளங்கியது. ஒரு பின்னேரம் இறால் வடை தின்றுகொண்டிருந்தோம். கடலைப் பார்த்தபடியே, ஏதோ கடைக்குப் போய் வந்த கதை போலச் சொன்னாய். உன் புருஷனுக்கு துறைமுகத்தில் வேலை போன வருஷம், மூன்றாவது வயிற்றில் தங்கியதும், ஒரு வீட்டுக்கு நீ தனியாகப் போய் அதைக் கலைத்துவிட்டு வந்ததும்.

"பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான். சுவாமியார் பாவமன்னிப்புத் தந்தவர். மனுசருக்குச் சொல்லுறது இதுதான் முதல்தரம், றீற்றா."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வடை எண்ணெய் இருவர் கையிலும் பிசுபிசுத்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு அந்தப் பிள்ளையின் சாவு. எங்கள் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை, ஆறு வயது. என் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் இருப்பாள். சிலுவை அடையாளம் போடும்போது இடம் வலம் மாறிவிடும், நான் பின்னால் நின்று கையைப் பிடித்துத் திருத்துவேன். அவளை ஒருவன் கொன்றுபோட்டான். தெரிந்த ஆள், அவளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கிறவன். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். அவனைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள்.

நம் நாட்டில் மரணதண்டனை சட்டத்தில் இருக்கிறதே தவிர, பல காலமாக யாரையும் தூக்கில் போடுவதில்லை. இவனைப் போடவேண்டும் என்று நான் ஒரு மனு எழுதினேன். என் கையாலேயே, அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே இருப்பில். அடுத்த ஞாயிறு அதை நம் மேசையில், நம் மனுவுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் பதாகை மேலே ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எங்களோடு மேசையில் இருந்த மார்கிரட் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்கூடப் படவில்லை. சனம் வரிசையாக வந்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, அதே பேனையால் மற்றத் தாளிலும் போட்டுவிட்டுப் போனது.

நீ மட்டும் என் தாளை எடுத்து வாசித்தாய்.

"இதுக்குக் கீழ வைச்சு இதைக் கேக்க ஏலாது, றீற்றா. வயித்தில இருக்கிறதுக்கு ஒரு சட்டம், மறியலில இருக்கிறவனுக்கு இன்னொரு சட்டமோ?"

"அது ஒண்டும் அறியாத பிள்ளை. இவன் செய்தவன்" என்றேன்.

"செய்தவன்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அப்ப 'குற்றமில்லாத உயிர்' எண்டு மாத்தித் தைச்சுத் தாறன். அதுக்குப் பிறகு வை."

நீ கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தைத்துத் தருகிறவள் மாதிரித்தான் சொன்னாய். எனக்கோ இரத்தம் தலைக்கு ஏறியது. அந்தச் சின்னக் கை என் கைக்குள்ளே இருந்தது போல இருந்தது. நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்ததை விட்டேன்:

"உனக்கென்ன! கொலை செய்த ஆக்களுக்காகக் கதைக்க உன்னை விட்டா ஆர் இருக்கினம்?"

பக்கத்தில் நின்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. உனக்கு மட்டும் விளங்கியது. ஒரு கிழவரின் விரலை அப்போது பிடித்துக்கொண்டிருந்தாய். அதை மையில் ஒற்றி, தாளில் வைத்து, துடைத்துவிட்டாய். பிறகு கதிரையில் ஏறிப் பதாகையை அவிழ்த்து மடித்துக் கொண்டு போய்விட்டாய். அடுத்த ஞாயிறிலிருந்து நீ பின்னேரப் பூசைக்கு மாறிக்கொண்டாய்.

கொட்டாஞ்சேனையில் உன் வீடு என் பழைய வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. வரவேண்டும் என்று தினமும் நினைப்பேன். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். உன்னுடையதா, என்னுடையதா என்று கேட்டால் தெரியாது. பிறகு நான் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன், அது இன்னும் வசதியாகப் போய்விட்டது. உன் செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றேன். உன் மகள் வந்து, "அன்ரி, அம்மா உங்களை இடைக்கிடை கேக்கிறவ" என்றாள். என்ன கேட்டாய் என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். நீ சொன்னது முழுவதும் சரி என்று இன்றைக்கும் என் வாயால் வராது. அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் என் கை பேனையைத் தேடுகிறது. பிறக்காத பிள்ளையும் அவனும் ஒன்றா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நீ அவனுக்காக நின்றாய் என்று நான் நினைத்தது பிழை. உனக்கு மன்னிப்புக் கிடைத்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு, வாசல் கதவை இன்னொருவன் முகத்தில் சாத்த உன்னால் முடியவில்லை, அவ்வளவுதான். நானோ எனக்குப் பிடித்தவளுக்கு மட்டும் மன்னிப்பை வைத்திருந்தேன். ஒரு கோபம் வந்ததும் அதையும் திருப்பிப் பிடுங்கிக்கொண்டேன்.

இன்றைக்குக் கோயிலில் நடந்ததையும் சொல்லவேண்டும். திரும்பவும் தூக்கு வரப்போகிறதாம் என்று கதை. மார்கிரட் அக்கா தாளோடு முற்றத்தில் நின்றா. என்னைக் கண்டதும் பேனையை நீட்டினா.

"எனக்கு வேண்டாம், அக்கா."

"ஏன்? முந்தி நீதானே எழுதினனீ?"

"கை வருகுதில்லை."

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் முன்பு பக்கத்திலிருந்து கண்டிருக்கிறேன், அப்போது அது உன்மேல் விழுந்தது.

"அவளும் இப்பிடித்தான் அண்டைக்குக் குழப்பினவள். பிள்ளையைப் பறிகுடுத்த வீட்டைப் பத்தி ஒரு கவலையுமில்லாத மனுசி. ஏன் அப்பிடி நிண்டவள்? நீ தானே அவளோட ஒட்டிக்கொண்டு திரிஞ்சனீ, உனக்குத் தெரியுமோ?"

தெரியும். காலிமுகத்திடல் கதையைச் சொன்னால் போதும், அவவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். உனக்கு ஈவிரக்கம் இல்லை என்ற பேச்சு அங்கேயே நின்றிருக்கும். என்னையும் விட்டிருப்பார்கள், அடுத்த ஞாயிறும் பூசையில் என் வாங்கில், என் பக்கத்தில், யாராவது வந்து உட்கார்வார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியாது, அக்கா" என்றேன்.

கோயில் முற்றத்தில் நின்று பொய் சொன்னேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போவதில்லை.