பக்கத்து சீட்டில் ஐந்து கேரியர்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். வைப்பர் ரப்பர் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

ஐந்து சாப்பாட்டுக் கேரியர். கவுண்டம்பாளையம் நான்கு, துடியலூர் ஒன்று. தாமதம் இல்லை.

இந்த வேலை எப்படி ஆரம்பித்தது என்று இதுவரை எழுதி வைக்கவில்லை. கார் என் மகன் கார்த்தியுடையது. சிவப்பு, இரண்டே சீட், தரையை உரசும் உயரம். கனடா போகும்போது வீட்டில் விட்டுப் போனான். "தெனமும் அரை மணி நேரம் ஓட்டலீன்னா பேட்டரி உக்காந்துக்குமுங்க" என்றார் மெக்கானிக். எனக்குப் போக இடம் இல்லை. நான் சாப்பிடும் மெஸ்ஸில் கேரியர் கொண்டுபோகிறவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். "நான் வேணா போகட்டுங்களா?" என்று என் வாய் கேட்டது. மெஸ் நடத்தும் மணியம்மா முதலில் காரைப் பார்த்தார், பிறகு என்னை. அது மூன்று வாரம் முன்பு.

கேரியர்களைப் பக்கத்து சீட்டில் வைத்தால் கார் கத்துகிறது. எடையைப் பார்த்து ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. பெல்ட் போட்டுவிட்டால் அடங்குகிறது.

நேற்று கார்த்தி பேசினான். ஞாயிறு பத்து மணி வழக்கம். "ஈரோட்டுல இருந்து ஒருத்தர் சனிக்கிழமை மூணு மணிக்குக் கார் பாக்க வர்றாருங்கப்பா. வித்துட்டா உங்களுக்கும் தொந்தரவு உட்டுப்போகும்."

"சரி கண்ணு" என்றேன். சாப்பாடு கொண்டுபோவது அவனுக்குத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. மழை இல்லை.

சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் குனிந்து பார்த்தார். "என்னங்க சார், ரேஸுக்குங்களா?"

"இல்லீங்க. அரிசிம்பருப்புச் சாதம்."

அவர் சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்ததே தெரியவில்லை. பின்னால் ஹாரன். எனக்குத்தான் வெட்கம்.

வேகத்தடைகள்: போகும்போது ஒன்பது. எல்லாவற்றிலும் கோணலாக ஏற வேண்டும். கவுண்டம்பாளையம் பள்ளி முன்னால் இருப்பது மோசம். இன்று சாம்பார் கொஞ்சம் சிந்திவிட்டது. சோப்பு, எலுமிச்சை, வெயில். மூன்றும் பார்த்தாயிற்று, வாசம் போகவில்லை.

கார்த்தியிடம் சொல்ல வேண்டியது:
1. கார் தொந்தரவு இல்லை.
2. விற்க
இதற்கு மேல் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

மறுபடி சாரல். முழங்கால் வலி.

காரிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். இடது கை ஸ்டியரிங்கில். வலது கால் வெளியே. பிறகு கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, மூச்சை இழுத்து, எழுவது. நாற்பது விநாடி. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஐம்பது.

துடியலூர் ருக்மணியம்மா எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கணவர் படுத்த படுக்கை. இவர் கேட்டருகே நின்று நிறைந்த கேரியரை வாங்கிக்கொண்டு, முந்தின நாளுடையதைக் கழுவித் தருவார். "பாத்துப் போங்க." "சரிங்க." பல நாட்களில் என் முழுப் பேச்சும் அவ்வளவுதான்.

அவர் தரும் கேரியர் வெறும் கேரியரின் கனத்தில் இருப்பதில்லை. மேல் தட்டில் ஏதோ இருக்கிறது. மில் லேபில் முப்பத்தோரு வருடம் பஞ்சை எடைபோட்ட கை, தெரியாமல் போகாது. திறக்கவில்லை. அடுத்தவர் கேரியரைத் திறப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தது. மணியம்மாவிடம் அப்படியே ஒப்படைத்துவிடுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ருக்மணியம்மா கேரியரைக் கையில் தரவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? மூணு வாரமா மேல் தட்டுல எதையாச்சும் வெச்சு உடறேன். நெல்லிக்கா ஊறுகா, எள்ளுருண்டை, கறிவேப்பிலைப் பொடி. நல்லாருக்குது, நல்லால்லீன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? புடிக்கலீன்னாச் சொல்லிப்போடுங்க, நிறுத்திக்கறேன்."

எனக்கா?

வாயில் வந்தது வேறு. "எல்லாமே நல்லா இருந்துச்சுங்க."

"எது ரொம்பப் புடிச்சுதுங்க?"

"எள்ளுருண்டைங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. பொய் சொல்லி ஒருவரை மலர வைத்தேன்.

மெஸ்ஸில் சொன்னேன். மணியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட சாமி! சமைக்கறவளுக்கு ஒருத்தி மருவாதி பண்றாளேன்னு பூராத்தையும் நானே தின்னுபோட்டனுங்களே! தொறந்து பாக்க மாட்டீங்களா?"

"அடுத்தவங்க கேரியர்..."

"நல்ல ஆளுங்க நீங்க. உடுங்க, எள்ளுருண்டை நல்லாத்தான் இருந்துச்சு. அதுல பொய்யில்லை."

என் பெயருக்கு வந்ததை மூன்று வாரமாக வேறு இடத்தில் இறக்கியிருக்கிறேன். தினமும். நேரம் தவறாமல்.

தூக்கம் சரியில்லை.

ஜூலை 12, சனி

மேகம். காலையில் கார் கழுவினேன். யாருக்காக என்று தெரியவில்லை.

துடியலூர் கேரியரை மட்டும் மெஸ்ஸில் இறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போர்டிகோவில் நிறுத்திவிட்டு, இறங்காமல், மேல் தட்டைத் திறந்தேன். வாழையிலையில் நான்கு கச்சாயம், எண்ணெயில் சுட்ட இனிப்புப் பணியாரம். இன்னும் சூடு. வெல்லம் தூக்கல். ஒன்றைத் தின்று முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று குறிக்கவில்லை.

கண்ணாடியில் தட்டும் சத்தம். ஈரோட்டுக்காரர். நூல் வியாபாரம், வெள்ளைச் சட்டை. மூன்று மணி என்றிருந்தான் கார்த்தி, இரண்டரைக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தேன்.

"வண்டி ஜோரா வெச்சிருக்கறீங்க சார். என்னமோ சாம்பார் வாசம் வருதுங்களே?"

"சாம்பார்தானுங்க."

"கழுவிக்கலாம் உடுங்க. எறங்குங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தர்றேன்."

இடது கை ஸ்டியரிங்குக்குப் போனது. வலது கால் வெளியே போனது. அதோடு நின்றது. காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியை இறக்கினேன்.

"மன்னிக்கணுங்க. திங்கக்கிழமை அஞ்சு கேரியர் இருக்குதுங்க."

அவருக்குப் புரியவில்லை. "உங்க பையன் வாங்கன்னு சொன்னாருங்களே?"

"சொன்னானுங்க. நான் குடுக்கறதா இல்லீங்க."

இவ்வளவு தூரம் வந்தவரை எப்படி அனுப்புவது? வாழையிலையை ஜன்னல் வழியாக நீட்டினேன். ஒன்று எடுத்து நின்றபடியே தின்றார்.

"நல்லாருக்குதுங்க. ஊட்டுல செஞ்சதுங்களா?"

"எனக்குச் செஞ்சதுங்க" என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாரல். கச்சாயம் மீதி இரண்டு.

பத்து மணிக்குக் காத்திருக்கவில்லை. 9.40க்கு நானே கூப்பிட்டேன். நானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அப்பா? ஒடம்புக்கு என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்லை கண்ணு. கொஞ்சம் பேசணும். உனக்கு நேரம் இருக்குதா?"