கதவு மூடாத பேனல்

என் மாப்பிள்ளை சேகரா, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடு.

இந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கி வந்த சோறு பாதி அப்படியே கிடக்கிறது. எல்லாம் மலரை நினைத்துத்தான். அவள் உனக்கு மனைவி என்றால் எனக்குத் தங்கச்சி இல்லையா?

நீ மாரடைப்பில் போன பிறகு அவள் கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கன்வேயர் பக்கத்தில் நின்று தட்டு அடுக்குகிறாள். அங்கேயே பழைய பி.எல்.சி.யை மாற்றும் வேலை எனக்கு வந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்திருக்க வேண்டியது. நீ பாட்டுக்குப் போய்விட்டாய், படுபாவி.

உனக்கு விளக்கத் தேவையில்லை, இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பி.எல்.சி. என்பது இயந்திரங்களை நடத்தும் பெட்டி. சென்சரும் சுவிட்சும் சொல்வதை இன்புட் மாட்யூல் அதற்குள் கொண்டு போகும். அது இடும் கட்டளையை அவுட்புட் மாட்யூல் மோட்டாருக்குக் கொண்டு வரும். கன்வேயர் ஓரமாகப் போகும் அவசரக் கயிறும் ஓர் இன்புட்தான். யார் கையாவது மாட்டிக்கொண்டால் கயிற்றை இழுக்க வேண்டும். மாட்யூலில் அதற்கான விளக்கு அணையும், லைன் நிற்கும்.

டெஸ்டிங்கில் அந்தக் கயிறு தொல்லை கொடுத்தால், ஒரு துண்டு ஒயரால் இன்புட்டுக்கு நேரே கரண்ட் கொடுத்துவிடுவோம். லிங்க் அடிப்பது என்று பெயர். பிறகு கயிற்றை இழுத்தாலும் பெட்டிக்குத் தெரியாது. நீ மட்டும் அதற்குத் தடித்த சிவப்பு ஒயரைக் கை நீளத்துக்கு வெட்டி, பி.எல்.சி. இருக்கும் பேனல் அலமாரிக்கு வெளியே வளைத்துத் தொங்கவிடுவாய். கழற்றாமல் கதவு மூடாது. துணி காயப் போடவா மாப்ள என்று கிண்டல் செய்வேன். நீ சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பாய்.

இங்கே மாட்யூல்களை மாட்டி, ஒயர்களை இறுக்கி ஓட்டிப் பார்த்தால், லைன் நின்று நின்று ஓடியது. கயிற்றின் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. புதுசு வரவழைக்கும்படி சூப்பர்வைசர் முரளியிடம் சொல்லிவிட்டு, பந்திங்கில் வேறு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் லைன் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. புது சுவிட்ச் வந்ததா என்றால் இல்லை என்கிறான். நேரே பேனலிடம் போனேன்.

பேனல் கதவு கச்சிதமாக மூடியிருந்தது. திறந்து வைத்துக்கொண்டு, மலரைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். விளக்கு அணையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். தட்டுகள் அவள் விரலை உரசிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன.

உள்ளே ஒயர்களுக்குப் பின்னால் விரலளவு லிங்க், கேபிள் டை போட்டு அழகாகக் கட்டியிருந்தது. ஷிஃப்ட் டெக்னீஷியன் ஒரு நாளைக்கென்று போட்டதாம். கண்ணில் படாததால் எல்லோருக்கும் மறந்து போயிருக்கிறது. பிடுங்கி எறிந்தேன். லைன் நின்றது, முரளி ஓடி வந்தான்.

“அண்ணே, கண்டெய்னர் சாயங்காலம் போவணும் லா. இன்னிக்கு மட்டும் லிங்க் அடிச்சு விடுங்க.”

“அங்க நிக்கிறது என் தங்கச்சி. அவ எடத்துல நீ போய் நில்லு, அடிச்சுத் தரேன்.”

அவன் மேனேஜருக்குப் போன் போட்டான். கெட்டவன் இல்லை, அவனுக்கு மேலே இருந்து நெருக்குகிறார்கள். மேனேஜர் வந்து கேட்டும் முடியாது என்றேன், இனி உன்னைக் கூப்பிடவே மாட்டோம் என்றார். என் இடத்தில் நீ இருந்தால் வேறு என்ன செய்திருப்பாய், சொல்லு?

கோபத்தில் வேன் வரைக்கும் போனேன். ஏற மனசு வரவில்லை. நான் கிளம்பினால் இன்னொரு துண்டு ஒயர் போட அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சுங்கை வேயில் சுவிட்ச் வாங்கி வந்து நானே மாட்டினேன். மலர் வந்து கயிற்றை இழுத்தாள், லைன் நின்றது. திரும்ப ஓடவிடச் சொல்லி மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் நின்றது.

“இப்பதான் அண்ணே மூச்சு வருது,” என்றாள்.

எனக்குத்தான் இன்னும் வரவில்லை. இந்தக் கிள்ளானில் மூடிக் கிடக்கும் பேனல்களுக்குள் என்னென்ன கட்டி வைத்திருக்கிறார்களோ, யார் போய்ப் பார்ப்பது?

ஒன்று மட்டும் சத்தியம், மாப்ள. இனி நான் கை வைக்கிற எந்த லைனையும், அங்கே நிற்கிறவர்கள் தங்கள் கையால் நிறுத்திப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மலர் நாளைக்கும் வேலைக்குப் போகிறாள். இரண்டு கையோடு வீடு திரும்புவாள். அது என் பொறுப்பு.

உன் மச்சான்,
மலரின் அண்ணன்,
குணா